ஜிஆர்ஐ அறிக்கையா, சிடிபி கேள்வித்தாளா?

பங்குச் சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் சுற்றுச்சூழல் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் கட்டாயம். திருப்பூரில் சந்தைப் பக்கமே போகாத ஒரு சாயப்பட்டறைக்கு அது பொருந்தாது. ஆனாலும் சிலர் அந்தக் கணக்கை எழுதுகிறார்கள். பூமி மேல் அக்கறை இருக்கலாம். முதல் காரணம் ஆர்டர்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டுவிட்டார். சரி, எதில் எழுதுவது? ஜிஆர்ஐ என்பது நிறுவனமே அறிக்கை எழுத உதவும் உலகளாவிய வரையறைகள். சிடிபி என்பது கேள்வித்தாள் அனுப்பிச் சுற்றுச்சூழல் தகவலைத் திரட்டும் சர்வதேச அமைப்பு.

செலவு: ஜிஆர்ஐ வரையறைகள் இலவசம், எழுதுகிற ஆளுக்குத்தான் சம்பளம். சிடிபியில் சிலருக்குக் கட்டணம் உண்டு.

உழைப்பு: சிடிபி ஆண்டுதோறும் கேள்வி அனுப்பும், பதில் எழுதினால் போதும். ஜிஆர்ஐயில் எது முக்கியம் என்பதை நீங்களே முடிவுசெய்ய வேண்டும், அதுதான் தலைவலி. இரண்டுக்கும் தேவை ஒரே கட்டுக் காகிதம்: ஈபி பில், பாய்லர் விறகின் எடைச் சீட்டு, தண்ணீர் மீட்டர் நோட்டு.

மதிப்பெண்: ஜிஆர்ஐ தராது. சிடிபி ஏ முதல் டி வரை தரும். கேட்டும் பதில் தராவிட்டால் எஃப்.

விளக்க இடம்: இங்கே ஜிஆர்ஐ முந்துகிறது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட ஊர் திருப்பூர். கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்க எவ்வளவு மின்சாரம், எவ்வளவு விறகு என்று விளக்கப் பக்கங்கள் வேண்டும். நொய்யல் ஆற்றங்கரை விவசாயிக்கும் அதில் கேள்வி இருக்கும்.

ஒரே பெரிய வாடிக்கையாளர் நெருக்கினால் சிடிபி. வங்கி, ஊர், தொழிலாளர் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஜிஆர்ஐ. மீட்டர் நோட்டே இல்லையா? அப்புறம் பார்க்கலாம், முதலில் நோட்டு வாங்குங்கள்.