புதுச்சேரி தெரபி சென்டரில் 36,000 ரூபாய் கட்டி ஏமாந்தோம் – பெற்றோர் கவனத்துக்கு

என் மகனுக்கு ஆறு வயது. பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு சிரமமாகும் நிலை. நெல்லிக்குப்பத்தில் இருக்கிறோம். ஒரு தெரபி சென்டரில் நாங்கள் ஏமாந்த கதை இது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் சென்டரின் பெயரைப் போடவில்லை.

முதலில் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். பிசியோ மேடம் வாரம் இரண்டு நாள் வருவார், காசு கிடையாது. இவனுக்கு இடது குதிகால் தூக்கிக்கொண்டே இருக்கும். "நிக்க வைக்கும்போது குதிகாலுக்கு அடியில ஒரு தாளை விட்டுப் பாருங்கம்மா, நுழைஞ்சா அவன் விரல்லதான் நிக்கிறான்" என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அப்புறம் வாரம் ஒரு நாளாகி, மாதம் ஒரு நாளாகிவிட்டது. கேட்டால் நிதி வரவில்லை என்றார்கள். 2024-25ஆம் ஆண்டுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று அந்த அரசு நிறுத்தி வைத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரும் தெரபியும் அந்தத் திட்டத்தில்தான் வருகின்றன. ஒரு மாதம் ஸ்ட்ரெச்சிங் விட்டுப்போனாலே இவன் கணுக்கால் கட்டைபோல ஆகிவிடும்.

அந்தப் பதற்றத்தில்தான் புதுச்சேரி சென்டரின் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. நேரில் போனோம். "ஆறு மாசத்துல நடக்க வெச்சிடலாம்" என்றார்கள். மூன்று மாதப் பேக்கேஜ் 36,000, மொத்தமும் முதலிலேயே கட்ட வேண்டும். வளையலை அடகு வைத்துக் கட்டினேன். வாரம் மூன்று நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடலூரில் பஸ் மாறிப் போவோம்.

பெற்றோர் உள்ளே வரக்கூடாது, பிள்ளை அழுவான் என்றார்கள். நானும் நம்பி வெளியே உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது வாரம் ஒரு நாள் தண்ணீர் பாட்டில் கொடுக்கக் கதவைத் திறந்தேன். ஸ்டாண்டிங் ஃப்ரேமில் பெல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். எதிரே செல்போனில் கார்ட்டூன் ஓடுகிறது. பக்கத்தில் ஆள் இல்லை. குனிந்து காலைப் பார்த்தேன். இடது குதிகால் பலகையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் நிற்கிறது. தாள் என்ன, என் சுண்டுவிரலே நுழைந்தது. முட்டிக்கு மேல் பெல்ட் அழுத்திச் சிவந்த தடம். முக்கால் மணி நேரத் தெரபி என்று சொன்னதே இதுதான்.

தெரபி கொடுத்த பெண்ணிடம் என்ன படித்திருக்கிறாய் பாப்பா என்று கேட்டேன். அந்தச் சென்டரிலேயே மூன்று மாதப் பயிற்சியாம். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. தெரிந்தே அவளிடம் பிள்ளைகளை விட்டவர்கள்மேல்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்: பேக்கேஜ் தொகை திரும்பத் தரப்படாது. சரி, நிராமயா காப்பீட்டிலாவது வாங்கலாம் என்று அனுப்பினேன். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் காப்பீடு அது, வருடத்துக்கு ஒரு லட்சம் வரை. தெரபிச் செலவும் அதில் உண்டு. ஆனால் எங்கள் ரசீதில் 'தெரபி கட்டணம்' என்று மட்டும்தான் இருந்தது. யார் கொடுத்தது, என்ன தெரபி, எந்தத் தேதி, எதுவும் இல்லை. திரும்பி வந்துவிட்டது.

பணம் கட்டுமுன் தெரபிஸ்ட் பெயரையும் படிப்பையும் எழுதிக் கேளுங்கள். பிசியோ என்றால் பி.பி.டி., ஆக்குபேஷனல் தெரபி என்றால் பி.ஓ.டி. படித்திருக்க வேண்டும். ஸ்பீச் தெரபிஸ்டும் சிறப்பாசிரியரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். உள்ளே உட்காரவிடாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். பேக்கேஜ் வேண்டாம், அன்றன்றைக்குக் கட்டி, பெயரும் தேதியும் போட்ட பில் வாங்குங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், சென்டர் புதுச்சேரியில் இருந்தாலும் சரி. நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் கடலூரிலேயே கொடுத்தேன்.

இப்போது அரசு ஆஸ்பத்திரியில் பிசியோ போகிறோம். கூட்டம் அதிகம், பத்து நாளைக்கு ஒரு முறைதான் முறை வருகிறது. மீதி நாள் வீட்டில் நானே ஸ்ட்ரெச்சிங் செய்கிறேன். நேற்று இரவும் நிற்க வைத்துப் பார்த்தேன். தாள் இன்னும் நுழைகிறது.