புறாத்தீவா, நெடுந்தீவா?

ஆகஸ்ட் விடுமுறைக்கு ஹட்டன், நுவரெலியாப் பக்கமிருந்து தீவு பார்க்கக் கிளம்புகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு. பெரியது, சிறியது என இரண்டு பாறைத்தீவுகள். மாடப்புறாக்களால் வந்த பெயர். 2003இல் தேசிய பூங்காவானது. மக்கள் குடியிருப்பு இல்லை. அழகெல்லாம் நீருக்கடியில்: முருகைக்கற்கள், வண்ண மீன்கள், சிறு சுறாக்கள். ஆழம் குறைவு என்பதே அதற்கு ஆபத்து. முருகைக்கல் உயிருள்ளது, மிக மெதுவாக வளர்வது. கால் வைத்தால் உடைந்துவிடும். கூட்டம் கூடும் நாட்களில் இதுதான் நடக்கிறது, பார்க்கவே மனம் வலிக்கிறது.

நெடுந்தீவு வேறு உலகம். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். யாழ்ப்பாணத்தின் பெரிய தீவுகளில் ஒன்று, தட்டையானது, மக்கள் வாழ்வது. முருகைக்கல் வேலிகள், பருத்த அடிமரமுள்ள பெருக்கமரம், கட்டாக்காலிக் குதிரைகள். 2015இல் ஒரு பகுதி தேசிய பூங்காவானது. இங்கே குறை நன்னீர்தான். வறட்சியில் குதிரைகளும் தவிக்கும். அதனால் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

பிள்ளைகளோடு முதல் தடவை போவதென்றால் நான் நெடுந்தீவைத்தான் சொல்வேன். புறாத்தீவுக்கு, மிதக்கத் தெரிந்தபிறகு, கூட்டமில்லாத ஒரு நாளில் போங்கள்.