கிறிஸ்துமஸ் மரம் எம்பிராய்டரி டிசைன்: இரண்டு பருவம் தைத்துக் கொடுத்த பிறகு

மெஷினில் தைக்கும் எம்பிராய்டரி டிசைன் நல்லதா இல்லையா என்பது, துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டமான ஹூப்பிலிருந்து கழற்றும்போது தெரியாது. பத்துத் தடவை துவைத்த பிறகுதான் தெரியும். இங்கே பேசப்படும் டிசைனில் பனி படிந்த கிறிஸ்துமஸ் மரம், உச்சியில் ஜரிகை நட்சத்திரம், அடியில் பெயர் போட ஒரு பட்டை ஆகியவை உண்டு. 100×100 மி.மீ. ஹூப்புக்கு ஓர் அளவு, 130×180 மி.மீ. ஹூப்புக்கு ஓர் அளவு. டர்க்கி டவல், கனத்த பருத்தித் துணிப்பை, ஃபெல்ட் (நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த துணி) தொங்கல் என மூன்று வகைப் பரிசுகளில் இரண்டு டிசம்பர்களாகத் தைத்துப் பார்த்தாயிற்று. துணிப்பையில் பிரமாதம், டவலில் கொஞ்சம் மெனக்கெட்டால் அழகு, ஃபெல்ட்டில் இருக்கிறபடியே தைக்கவே கூடாது.

முதலில் கோப்பு. பிரதர் மெஷினுக்கு பிஇஎஸ் (PES), ஜனோமுக்கு ஜெஃப் (JEF) என்று அவரவர் மெஷின் படிக்கும் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வடிவமான டிஎஸ்டி (DST) கோப்பில் நூலின் நிறம் பதிவாகாது, எங்கே நிறம் மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும். அதனால் திரையில் மரம் ஊதா நிறமாகத் தெரிந்தாலும் கோப்பு கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். நிற வரிசையைத் தாளில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் போதும்.

சின்ன அளவில் சுமார் 13,600 தையல், 7 நிறம். நிமிடத்துக்கு 600 தையல் ஓட்டினால் ஊசி ஓடும் நேரமே 23 நிமிடம். நூல் மாற்றுவது, வெட்டுவது எல்லாம் சேர்த்தால் ஒரு பரிசுக்கு 35 நிமிடம் ஆகிவிடும். பன்னிரண்டு பரிசு என்றால் 7 மணி நேரம். பண்டிகைக்கு முந்தைய இரவு உட்கார்ந்து முடிக்கும் வேலை இல்லை இது. மேல்நூல் ஆயிரம் தையலுக்கு ஏறக்குறைய 5 மீட்டர் போகும், அதாவது ஒரு மரத்துக்கு 70 மீட்டர் அளவில். அதில் பெரும்பங்கு பச்சைதான். 40 எண் பாலியஸ்டர் நூலே போதும். ரேயானில் மினுமினுப்பு கூடுதல் என்றாலும், அடிக்கடி துவைக்கும் டவலுக்கும் பிளீச் படக்கூடிய துணிக்கும் அது தாங்காது.

அதிகம் சொதப்புவது டவலில்தான். டர்க்கி டவலில் நூல் வளையங்கள் நிமிர்ந்து நிற்கும். தைத்த அன்று பனி வெள்ளை வெளேரென்று இருக்கும். நாலு தடவை துவைத்ததும் சாட்டின் தையலுக்கு (நூல் நெருக்கமாக அடுத்தடுத்து விழும் பட்டைத் தையல்) நடுவே வளையங்கள் எட்டிப் பார்த்து, பனி அழுக்கேறியதுபோல் ஆகிவிடும். இதைத் தடுக்க மேலே தண்ணீரில் கரையும் மெல்லிய ஃபிலிம், அடியில் நடுத்தர கனமுள்ள கட்-அவே ஸ்டெபிலைசர் (துணியைத் தாங்கும் தாள்; ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைத் துணியிலேயே விடுவது), இரண்டுமே வேண்டும். கிழித்தெடுக்கும் வகையை மட்டும் அடியில் வைத்தால் சில துவையலுக்குள் மரத்தின் ஓரம் சுருங்கி அலை அலையாக நிற்கும். தையலால் நிரப்பிய பெரிய ஃபில் பகுதியை வருஷக்கணக்கில் தாங்கிப் பிடிக்க ஏதாவது துணியோடு நிரந்தரமாக இருந்தாக வேண்டும்.

டவலையே ஹூப்பில் இறுக்கினால் வளையங்கள் நசுங்கி வட்டத்தழும்பு விழும். ஸ்டெபிலைசரை மட்டும் ஹூப்பில் மேளத்தோல் மாதிரி இறுக்குங்கள். அதன்மேல் தற்காலிகப் பசை தெளித்து டவலை ஒட்டி, சுற்றிலும் நீளத் தையல் ஒன்று ஓட்டிவிட்டு டிசைனைத் தொடங்கலாம். டவலை முன்கூட்டியே ஒருமுறை துவைத்துக் காயவைத்திருக்க வேண்டும். பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் நூல் சுருங்காது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது டிசைன். சிவப்பு டவல் என்றால் சாயம் போகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த டவல் இந்த டிசைனுக்கு ஆகாது. பனி இளஞ்சிவப்பாகிவிடும்.

அளவை மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். மெஷின் திரையிலேயே 80 சதவீதத்துக்குக் குறைத்தால், பல மெஷின்கள் தையல் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. அதே 13,600 தையல் 64 சதவீதப் பரப்புக்குள் திணிக்கப்படும், நெருக்கம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். 0.4 மி.மீ. இருந்த நூல் வரிசை இடைவெளி 0.32 ஆகும். விளைவு, அட்டை மாதிரி விறைத்த மரம், அறுகிற நூல், சில சமயம் முறிகிற ஊசி. 10 சதவீதத்துக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால், தையலைத் திரும்பக் கணக்கிடும் மென்பொருளில்தான் செய்ய வேண்டும்.

நட்சத்திரம்தான் இந்த டிசைனின் உயிர், தலைவலியும் அதுவே. ஜரிகை நூலை வழக்கமான 75/11 ஊசியில் ஓட்டினால் ஊசிக்கண்ணில் உரசி, மேல் உறை உரிந்து, உள்ளிழை மட்டும் வெளியே வரும். கண் பெரிதாக உள்ள 90/14 ஊசி போட்டு, வேகத்தை 400-க்கு இறக்கி, மேல் டென்ஷனை (மேல்நூலின் இறுக்கத்தை) இரண்டு படி தளர்த்துங்கள். நூல்கண்டு மெஷினிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தால் வழியிலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும். இவ்வளவு செய்தும் அறுந்தால் வெளிர்மஞ்சள் பாலியஸ்டர் நூலுக்கு மாறிவிடலாம். தினமும் கை துடைக்கிற டவலுக்கு எங்கள் கணிப்பில் அதுவே மேல். ஜரிகை நட்சத்திரம் துவைக்கத் துவைக்க மங்குகிறது.

டென்ஷன் சரியா என்று பார்க்கத் துணியைத் திருப்புங்கள். சாட்டின் தையலின் பின்புறம் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும் (அடிநூல்) இருபுறமும் மேல்நூலும் தெரிந்தால் சரி. அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் பாபினைக் குறை சொல்லும் முன் மேல்நூலை மறுபடி கோர்த்துப் பாருங்கள். அழுத்துகாலைத் தூக்கி வைத்துக்கொண்டு கோர்க்க வேண்டும். அது இறங்கியிருக்கும்போது கோர்த்தால் டென்ஷன் தட்டுகளுக்குள் நூல் போய் உட்காராது.

ஃபெல்ட்டில் பனியின் சாட்டின் ஓரம், தபால்தலை ஓரத்தைப்போல வரிசையாகத் துளை போட்டு மரத்தைத் துணியிலிருந்து வெட்டியே எடுத்துவிடுகிறது. ஃபெல்ட்டில் இழை குறுக்கும் நெடுக்குமாக ஓடவில்லை, ஊசி பட்ட இடம் பலவீனமாகிவிடும். தொங்கலுக்கு மென்பொருளில் பச்சை ஃபில்லை முழுதாக நீக்கிவிட்டு, பச்சை ஃபெல்ட்டின் நிறத்தையே மரமாக விட்டு, பனி, நட்சத்திரம், விளிம்பு மட்டும் தைக்கலாம். சாட்டின் இடைவெளியை 0.5 மி.மீ.க்குத் தளர்த்த வேண்டும். தையல் 4,000-க்குள் அடங்கிவிடும், பார்க்கவும் லேசாக இருக்கும். பின்பக்க ஃபெல்ட்டைக் கடைசி விளிம்புத் தையலுக்கு முன் ஹூப்பின் அடியில் ஒட்டினால் முடிச்சு, பாபின் நூல் எல்லாம் உள்ளே மறைந்துவிடும். அந்த விளிம்புக்கு மட்டும் பாபினிலும் மேல்நூலின் நிறமே.

துணிப்பையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நெருக்கமான நெசவு, நீட்சி கிடையாது, கட்-அவே ஒரு தாள் போதும், கருப்பு வெளிவிளிம்பு பச்சை ஃபில்லோடு அச்சாகப் பொருந்துகிறது. பையின் பின்பக்கம் ஹூப்புக்குள் மாட்டிக்கொண்டு இரண்டும் சேர்ந்து தைபடாமல் கிளிப் போட்டு ஒதுக்கிவையுங்கள்.

பெயர்ப் பட்டையில் எழுத்து 6 மி.மீ. உயரத்துக்குக் கீழே போக வேண்டாம். தமிழ் எழுத்தென்றால் 10 மி.மீ. ஆவது வேண்டும், இல்லாவிட்டால் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். மேல் ஃபிலிமைக் கிழித்தெடுத்துவிட்டு, மிச்சத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, முழுதும் காய்ந்த பிறகே இஸ்திரி போடுங்கள். அதையும் கெட்டியான துண்டின் மேல் டிசைனைக் கவிழ்த்து, பின்புறமிருந்து. பரிசோடு சின்னச் சீட்டு ஒன்று வையுங்கள்: உள்புறம் வெளியே திருப்பித் துவைக்கவும், பிளீச் வேண்டாம், நட்சத்திரத்தின் மேல் சூடான இஸ்திரிப்பெட்டி நேரடியாகப் படக்கூடாது.