நிஞ்ஜா 2: முதல் பாகம் பிடிக்காதவர்களுக்கும்

2009-ல் வந்த 'நிஞ்ஜா' படத்தைப் பாதியில் நிறுத்தியவர்கள்கூட அதன் இரண்டாம் பாகமான 'நிஞ்ஜா: ஷேடோ ஆஃப் எ டியர்' (2013) படத்தைத் தயங்காமல் பார்க்கலாம். இயக்குநர் அதே ஐசக் ஃப்ளோரன்டைன், நாயகன் அதே ஸ்காட் ஆட்கின்ஸ்தான். ஆனால் முதல் படத்தைக் கெடுத்த, நடிகர்களைக் கயிற்றில் கட்டிப் பறக்கவிடும் ரோப் வேலையும் கம்ப்யூட்டர் ரத்தமும் இதில் வெகுவாகக் குறைந்துவிட்டன.

கதை சின்னது. கர்ப்பிணி மனைவியைக் கொன்றவனைத் தேடி ஜப்பானிலிருந்து தாய்லாந்து, அங்கிருந்து பர்மா காடு என்று நாயகன் போகிறான், அவ்வளவுதான். வசனம் சுமார், திருப்பத்தையும் முன்பே யூகித்துவிடலாம்.

ஆனால் சண்டை! டிம் மேன் அமைத்த சண்டைகளில் கேமரா கொஞ்சம் தள்ளியே நிற்பதால் ஆட்கின்ஸ் காலைத் தூக்கிச் சுழற்றி உதைத்துவிட்டு எங்கே இறங்குகிறார் என்பது வரை முழுசாகத் தெரிகிறது, பெரிய பட்ஜெட் படங்களில் நொடிக்கொரு வெட்டு வைத்து இதைத்தான் மறைத்துவிடுகிறார்கள். டோஜோவுக்குள் (ஜப்பானியத் தற்காப்புக் கலைப் பயிற்சிக்கூடம்) தனி ஆளாக நுழைந்து ஒரு கூட்டத்தையே அடிக்கும் காட்சியை நான் உடனே திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் கேன் கொசுகி இருக்கிறார், எண்பதுகளின் நிஞ்ஜா நாயகன் ஷோ கொசுகியின் மகன். கடைசிச் சண்டை யாரோடு என்று சொல்ல மாட்டேன்.

தியேட்டரில் பெரிதாக ஓடாமல் நேராக டிவிடிக்கு வந்த படம் இது. இருந்தும் முதல் பாகத்தைத் திட்டிய சண்டைப் பட ரசிகர்களே இதைத் தூக்கிவைத்துப் பேசினார்கள். ஆட்கின்ஸின் சிறந்த படங்களில் ஒன்று என்று பலர் சொல்கிறார்கள், எனக்கும் அதே எண்ணம்தான்.