46,500 ரூபாய்க்கு 'மகோகனி' கிடார் வாங்கி ஏமாந்தேன்: ஆர்டர் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

நேற்று மாலைதான் முழு விவரமும் தெரிந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிப்போனால் 'போனது போகட்டும்' என்று நானும் விட்டுவிடுவேன், அந்த ஆள் அடுத்தவரைப் பிடித்துவிடுவார். எலக்ட்ரிக் கிடார் வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. கீழே சமவெளியில், ஆர்டரின் பேரில் கிடார் செய்து தருவதாகப் படமும் வீடியோவும் போடுகிற ஒரு பட்டறை. நான் நேரில் போனதில்லை. போனில் பேச்சு, போனில் பணம், அப்புறம் பார்சல். மொத்தம் 46,500 ரூபாய். அதில் மரத்துக்கென்று தனியாக 18,000.

எனக்குக் கோத்தகிரி பக்கம். கொஞ்சம் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலை கிலோ இருபது ரூபாய் என்று வைத்தாலும் 46,500 என்பது இரண்டு டன்னுக்கு மேல் இலை. அத்தனையும் கையால் பறித்து, மூட்டை கட்டி, தூக்கிக் கொடுத்த இலை. மகள் பிளஸ் டூ முடித்ததும் எலக்ட்ரிக் கிடார் வாங்கித் தருகிறேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லி வைத்திருந்தேன். நானும் இருபது வருஷமாகச் சர்ச்சில் அக்கூஸ்டிக் கிடார் வாசிக்கிறவன். நமக்குக் கிடாரைப் பற்றித் தெரியும் என்ற அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்துவிட்டது.

நான் நம்பியது எந்த நிமிஷம் என்று இப்போதும் சொல்ல முடியும். முதலில் பட்டறைக்காரர் சாதாரண மாடல் 28,500 என்றார். சரி, அதையே போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். "அண்ணா, நீங்க மலைக்காரங்க. மரத்தப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுங்களா? ஒரே ஒரு நிமிஷம் கேளுங்க" என்று வீடியோ காலுக்கு மாறினார். இரண்டு பலகைகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். முதல் பலகையை விரல் முட்டியால் தட்டினார். 'டொக்' என்று அடங்கிப்போனது. இரண்டாவதைத் தட்டினார். 'டங்ங்' என்று கோயில் மணி மாதிரி இழுத்துக்கொண்டே போனது. "ஊட்டியில வெள்ளைக்காரன் காலத்து பங்களா ஒண்ணப் பிரிச்சப்ப எடுத்த மகோகனிக் கதவுங்கண்ணா. நூறு வருஷம் காஞ்ச மரம். இந்தச் சத்தம்தான் பாப்பா கிடார்ல வரும். விரல் வைக்கிற ஃபிங்கர்போர்டுக்குக் கூடலூர் ஈட்டி மரம் போட்டுடலாம், இப்பத்தான் வெட்டி வந்திருக்கு." மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கே 20,000 அனுப்பினேன். பார்சல் போடும் முன் மீதி 26,500.

ஈட்டி என்று சொன்ன இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும். ஈட்டி மரத்துக்கென்று தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தைக்கூட அனுமதி இல்லாமல் தொட முடியாத நிலைமையைப் பார்த்து வளர்ந்தவன் நான். அது எப்படி இவர் பட்டறைக்குச் சாதாரணமாக வெட்டி வரும்? அந்த 'டங்ங்' காதில் இருந்ததால் வேறெதுவும் உள்ளே போகவில்லை.

மேட்டுப்பாளையம் பார்சல் ஆபீசில் எடுத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு மலை ஏறினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, கெட்டியான சிவப்புப் பூச்சு. ஃப்ரெட் என்பது கிடாரின் கழுத்தில் (நெக்) குறுக்கே பதித்த உலோகக் கோடு. வாசித்தால் கீழே மூன்று ஃப்ரெட் வரை பரவாயில்லை. மேலே போகப் போகச் சுரம் இறங்கிக்கொண்டே வந்தது. டியூன் செய்து செய்து மகளுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். ஆம்பில் (ஆம்ப்ளிஃபையர்) செருகினால் ஒரே இரைச்சல்.

போன் செய்தேன். "வாசிக்க வாசிக்கத்தான் மரம் திறக்கும், புது மரம் இல்லீங்களா" என்றார். நூறு வருஷம் காய்ந்த மரம் என்று சொன்னவர் இவர்தானே? அடுத்த வாரம், "உங்க ஊர் மஞ்சுக்கும் ஈரத்துக்கும் எந்தக் கிடாரும் அப்படித்தாங்கண்ணா." அதற்கடுத்து டெக்னீசியன் ஊருக்குப் போயிருந்தார், ஒரு வாரம் அவர் திரும்பவே இல்லை. பிறகு சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "மகோகனியோட சவுண்டு தெரியணும்னா நல்ல ஆம்ப் வேணும். எங்கிட்ட ஒண்ணு இருக்கு, உங்களுக்காக 14,000." 46,500 வாங்கியது போதாமல் மேலே 14,000!

நேற்று குன்னூரில் எனக்குத் தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரரிடம் எடுத்துப் போனேன். முப்பது வருஷமாகக் கச்சேரி மேடைகளுக்கு ஆம்ப் கட்டுகிறவர். முதலில் டேப்பை எடுத்து அளந்தார். கம்பி தொடங்கும் நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை 12¾ இன்ச். அங்கிருந்து கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் வரையும் ஏறக்குறைய அதே அளவுதான் வர வேண்டும். பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டுகளை முழுக்க முன்னால் தள்ளியும் 13 இன்ச் இருந்தது. பிரிட்ஜையே தப்பான இடத்தில் திருகியிருக்கிறார்கள். ஈரம் பிரிட்ஜைத் தூக்கிக் கால் இன்ச் பின்னால் வைக்குமா?

அப்புறம் கம்பிக்கு அடியில் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைக் கழற்றிக் குப்புறப் போட்டுக் காட்டினார். பில்லில் 'கையால் சுற்றிய ஆல்னிகோ பிக்கப்' என்று இருக்கிறது. ஆல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம். இந்த வகைப் பிக்கப்பில் பெரும்பாலும் ஆறு கம்பிக்கும் ஆறு ஆல்னிகோ காந்தக் குச்சிகளே இருக்கும். இதில் இருந்தவை வெறும் இரும்புக் குச்சிகள், அடியில் பட்டையாக ஒரு செராமிக் காந்தத்தை ஒட்டியிருந்தார்கள். பசை வழிந்து காய்ந்திருந்தது. கடையில் ஒரு செட்டே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான் என்றார்.

"மரத்துக்கு எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டார். 18,000 என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினார். அக்கூஸ்டிக்கில் கம்பியின் அதிர்வு மேல்பலகைக்கு இறங்கி, பலகைதான் காற்றைத் தள்ளிச் சத்தம் போடுகிறது. அங்கே மரம்தான் உயிர். எலக்ட்ரிக்கில் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பி. மேலே எஃகுக் கம்பி ஆடினால் காந்தப்புலம் மாறி, சுருளில் மின்சாரம் வருகிறது. 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்தது இதைத்தான். பலகையைத் தட்டினால் வரும் மணியோசை அந்த வழியில் ஆம்புக்குப் போவதில்லை. 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் விற்ற எலக்ட்ரிக் கிடாரின் உடம்பே வார்த்த அலுமினியம். கிடார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் ஒரு பைன் கட்டையில் பிக்கப்பைப் பொருத்தி வாசித்தார். டேன்எலக்ட்ரோ 1950-களில் செய்தது அழுத்தி ஒட்டிய ஹார்ட்போர்டில். ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் 1954-ல் ஆஷ் மரத்தில் வந்தது, இரண்டு வருஷத்தில் பெரும்பாலும் ஆல்டருக்கு மாறிவிட்டது. எல்லாவற்றிலும் பெரிய வாசிப்பாளர்கள் வாசித்திருக்கிறார்கள்.

மரத்தால் ஒன்றுமே மாறாது என்று நான் சொல்லவில்லை. எடை மாறும், கையில் பிடிக்கிற சுகம் மாறும். நெக்கின் விறைப்பைப் பொறுத்துச் சில இடங்களில் சுரம் சீக்கிரம் அடங்கும். காதுக்கு வித்தியாசம் தெரிகிறது என்று சத்தியம் செய்கிற நல்ல வாசிப்பாளர்களும் உண்டு. ஆனால் பிக்கப், பிரிட்ஜ் இருக்கும் இடம், கம்பியின் உயரம், ஆம்ப் இவற்றுக்குப் பக்கத்தில் அது நிற்காது. தன்னிடம் வாடகைக்கு விடும் ஒரு பழைய பிளைவுட் கிடாரை அவர் செருகிக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். என் 46,500 ரூபாய் அந்தப் பிளைவுட்டின் கால்தூசிக்கு வரவில்லை.

திரும்பும் வழியில் டானிங்டனில் தெரிந்த ஆசாரியிடம் நிறுத்தினேன். பிக்கப் இருந்த குழிக்குள் பூச்சு இல்லாத மரம் தெரியும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார், நகத்தால் சுரண்டினார். வெளிர் சிவப்பில், மீன் செதில் மாதிரிப் பளபளக்கும் புள்ளி புள்ளியான ரேகை. "மகோகனி எங்க சாமி? நான் பிரிச்ச பங்களாக் கதவெல்லாம் தேக்குதான். இது சில்வர் ஓக். உங்க தோட்டத்துல நிக்குதே, அதேதான்" என்றார். ஈரத் துணியை எடுத்து ஃபிங்கர்போர்டில் அழுத்தித் தேய்த்தார். துணியில் கருப்புச் சாயம் வந்தது. ஈட்டியும் இல்லை.

தேயிலைக்கு நிழலுக்காக என் வரப்பில் வரிசையாக நிற்கிற மரம். அதற்குத்தான் 18,000 கொடுத்திருக்கிறேன்.

ராத்திரியே படங்களை அனுப்பினேன். "ஸ்க்ரூவைக் கழட்டிட்டீங்க, வாரண்டி போச்சு" என்று ஒரே வரி. அப்புறம் பிளாக். அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கமெண்ட் பத்து நிமிஷத்தில் காணாமல் போனது. அங்கே இருக்கிற ரிவியூ எல்லாம் ஏன் நல்லதாகவே இருக்கிறது என்று இப்போது புரிகிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, கை நடுங்குகிறது. இவ்வளவு மட்டும். பலகையைத் தட்டிக் காட்டினால் போனை வைத்துவிடுங்கள். பிக்கப்பின் அடிப்பக்கத்தைப் படம் கேளுங்கள். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு இரண்டு பக்கமும் டேப் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆம்பில் செருகி மேல் ஃப்ரெட்டுகளில் வாசித்துக் காட்டாமல் மீதிப் பணம் அனுப்பாதீர்கள். பில்லில் மரத்தின் பெயரை எழுதி வாங்குங்கள், என்னிடம் உருப்படியாக இருப்பது அந்த ஒரு காகிதம்தான். நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

இன்று காலை 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். திங்கட்கிழமை பில்லோடும் கிடாரோடும் ஊட்டிக்குப் போய் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். இதே இரண்டு பலகை வீடியோவைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம். மகள் இப்போது அந்தப் பிளைவுட் கிடாரில் வாசிக்கிறாள், சவுண்ட் சர்வீஸ்காரர் வாடகை வேண்டாம் என்று கொடுத்து அனுப்பினார். 46,500 ரூபாய் சாமான் உறைக்குள் மூலையில் கிடக்கிறது.