கொக்குவில் கராஜில் டீசல் பில்டர் மாற்றம்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியோரமாக உள்ள சிறிய கராஜ் ஒன்றில் எமது பழைய ஹயேஸ் வானின் டீசல் பில்டரை மாற்றுவித்தேன். வேலையின் தரத்தை நான் அளந்தது, பில்டர் கசியாமல் தடுக்கும் றப்பர் சீலை அவர்கள் கையாண்ட விதத்தை வைத்தே. பழைய பில்டரைக் கழற்றியதும், அதன் சீல், பில்டர் பொருந்தும் மேற்பகுதியில் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை என்பதை உறுதிசெய்து, அது அமரும் பரப்பை நூல் உதிராத துணியால் துடைத்து, புதிய சீலில் சுத்தமான டீசலை மெல்லியதாகப் பூசினார்கள். சீல் பரப்பைத் தொட்ட பின்னர், பில்டரில் அச்சிடப்பட்டிருந்தவாறே முக்கால் சுற்று மாத்திரம், அதுவும் கையாலேயே, இறுக்கினார்கள். ஸ்பானர் போட்டு முறுக்கினால் சீல் நசுங்கிப் பிதுங்கிவிடும். பம்பு டீசலை உறிஞ்சும் பக்கத்தில் இந்தப் பில்டர் இருப்பதால், கெட்டுப்போன சீல் வெளியே டீசலை ஒழுகவிடாமலே காற்றை உள்ளே இழுத்து, காலையில் வாகனத்தை ஸ்டார்ட் செய்வதைச் சிரமமாக்கும். பலர் அதற்குப் பற்றரியைத்தான் குறை கூறுவார்கள். அடியிலுள்ள நீர் உணரியை (டீசலில் சேரும் நீரை அறிவிக்கும் கருவி) புதிய பில்டருக்கு மாற்றும்போது அதன் ஓ-ரிங்கையும் (றப்பர் வளையம்) கேளாமலே புதிதாக இட்டமை பாராட்டத்தக்கது. பின்னர் கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றி, எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு பார்த்தார்கள். கூலி நியாயமானது. சனிக்கிழமைகளில் நெரிசல் அதிகம். அங்கு விற்கப்படும் மலிவான பில்டர்கள் எனக்குத் திருப்தியளிக்கவில்லையாதலால், தரமானதொன்றை வெளியே வாங்கிச் செல்வதே நன்று.