"திருவிழா முடியப் போட்டுவிடுறன்": இணையத் தரவுப் பகுப்பாய்வு வேலைக்கு ஆள் தேடும் ஒரு நிறுவனம் பற்றி

என்னிடம் சில மாதங்கள் வேலை பழகிய கொக்குவில் தம்பி ஒருவர், கொழும்பிலிருந்து தனக்கு வந்த வேலை அழைப்பொன்றைக் கடந்த வாரம் வட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணை, இவங்களை நம்பி இறங்கலாமோ?" என்று கேட்டிருந்தார். 2023இல் எனக்கு வந்த அழைப்பின் வசனங்கள் ஒரு சொல்லும் மாறாமல் அதில் இருந்தன. நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர்கள் வேலை வாங்கும் முறையைச் சொன்னாலே, இத்துறையில் இருப்பவர்கள் தங்களுக்கு வரும் அழைப்பை இனங்கண்டுகொள்வார்கள்.

இணையத்தளங்களின் வருகையையும் விற்பனையையும் எண்ணும் தன் பழைய கருவியான யூனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 யூலை 1 முதல் புதிய தரவுகளை ஏற்காது என்று கூகுள் 2022 மார்ச்சிலேயே அறிவித்திருந்தது. வழமைபோல எல்லோரும் கடைசி மூன்று மாதங்களில்தான் விழித்துக்கொண்டார்கள். கொழும்பில் இருந்த இந்த நிறுவனம், லண்டனிலும் ரொறன்ரோவிலும் நம்மவர்கள் நடத்தும் இணையக் கடைகளுக்கு விளம்பரமும் மாதாந்த அறிக்கையும் செய்து கொடுத்துவந்தது. ஆறு தளங்களை அதன் புதிய பதிப்பான அனலிட்டிக்ஸ் 4க்கு மாற்றித் தரவேண்டும், தளம் ஒன்றுக்கு 45,000 ரூபா, முற்பணம் 60,000 ரூபா என்று தொலைபேசியிலேயே பேசி முடித்தோம். உரிமையாளர் யாழ்ப்பாணத்தவர், எங்கள் ஊரில் பிறந்தவர் என்பதனால் எழுத்தில் எதுவும் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பேபால் வழியாக வெளிநாட்டுப் பணத்தைப் பெறும் வசதி அப்போது இலங்கையில் இல்லாததால், நடுவில் ஒரு கொழும்பு நிறுவனம் இருப்பது எனக்கு வசதியாகவும் பட்டது.

வேலையில் இறங்கிய இரண்டாவது வாரத்திலேயே சிக்கல் தெரிந்தது. லண்டன் புடைவைக் கடையொன்றின் மே மாத அறிக்கையில் 412 கட்டளைகள் (ஓடர்கள்) காட்டப்பட்டிருந்தன. கடையின் சொந்தப் பதிவேட்டிலோ 268 மட்டுமே இருந்தன. காரணத்தைத் தேடியபோது, கட்டளை உறுதியானதும் வாடிக்கையாளருக்குச் செல்லும் மின்னஞ்சலில், வாங்கி முடித்ததும் தோன்றும் "நன்றி" பக்கத்தின் இணைப்பும் இருந்ததைக் கண்டேன். சேலை அனுப்பப்பட்டதா என்று பார்க்க மறுநாளும் அதற்கடுத்த நாளும் அந்த இணைப்பைத் திறந்தவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேலை வாங்கியவர்களாகப் பதிவாகியிருந்தார்கள். பழைய முறை, ஒரே கட்டளை இலக்கம் வேறொரு வருகையில் திரும்ப வந்தால் அதை இன்னொரு விற்பனையாகவே எண்ணும். அனலிட்டிக்ஸ் 4, அதே பயனரிடமிருந்து அதே இலக்கத்துடன் மீண்டும் வரும் கொள்முதலைத் தள்ளிவிடும். நான் கட்டளை இலக்கம் சரியாகச் செல்லும்படி அமைத்து, அந்தப் பக்கம் முதல்முறை திறக்கும்போது மட்டும் கொள்முதல் பதிவாகும்படியும் டேக் மனேஜரில் (தளத்தில் எதை, எப்போது எண்ணுவது என்று அமைக்கும் கூகுளின் கருவி) திருத்தினேன். அடுத்து வந்த வாரங்களில் என் எண்ணிக்கை கடைப் பதிவேட்டைவிடச் சற்றுக் குறைவாக நின்றது. குக்கிகளுக்கு இணங்காதவர்களும் விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களும் இருக்கும்வரை அந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

நல்ல வேலை செய்தேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் பல மாதங்களாக "எங்கள் விளம்பரத்தால் உங்கள் விற்பனை ஏறுகிறது" என்று கடைக்காரருக்கு இந்த ஊதிப் பெருத்த எண்ணிக்கையையே அந்த நிறுவனம் காட்டி வந்திருக்கிறது. திருத்தத்தை விளக்கி நான் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு கடைக்காரரிடம் போய்ச் சேரவேயில்லை. புதிய அமைப்பால் தரவு இழக்கப்பட்டதாகவும் தவறு யாழ்ப்பாணத்து ஆலோசகருடையது என்றும் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் அறிந்தது பின்னர்தான்.

யூன் 30 பின்னேரம் ஆறாவது தளத்தையும் கையளித்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னர் ஒருமுறை சரிபார்ப்போமென்று கணக்கைத் திறந்தால், ஆறு தளங்களில் ஒன்றுகூட என் பட்டியலில் இல்லை. எல்லா அணுகலும் அவர்களுடைய கணக்கினூடாகவே எனக்குத் தரப்பட்டிருந்ததால், ஒரு சொடுக்கில் என்னை வெளியே தள்ள முடிந்திருக்கிறது. வேலை செய்ததற்கு ஆதாரமாக என் கையில் மிஞ்சியவை நான்கு திரைப்பிடிப்புகளும் (ஸ்கிறீன்சொட்), நிறுவன உரிமையாளர் வேலையைக் கேட்டுக் கேட்டு அனுப்பிய குரல் பதிவுகளும்தான்.

மீதி 210,000 ரூபாவுக்கு விலைப்பட்டியல் அனுப்பினேன். முதலில் கணக்காளர் விடுமுறையில் இருந்தார்; பின்னர் வெளிநாட்டுப் பணம் வந்துசேரவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு உரிமையாளரே ஊருக்கு வந்திருந்தார். சப்பறத்தன்று மாலை வெளிவீதியில், வேட்டியும் வெறும் மேலுமாகக் கைகூப்பி நின்றவரைக் கண்டபோது அந்த இடத்தில் கடன் கேட்பது முறையோ என்று ஒருகணம் யோசித்துவிட்டுத்தான் கேட்டேன். "சுவாமி வெளிக்கிடுற நேரம் காசுக் கதை வேண்டாம் தம்பி, திருவிழா முடியப் போட்டுவிடுறன்" என்றார். திருவிழா முடிந்தது, என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். எழுத்து ஒப்பந்தம் இல்லை, நான் அவர்களுடைய ஊழியரும் அல்ல என்பதனால் தொழில் நியாய சபையின் பக்கம் போகமுடியாது என்றும், கொழும்பில் வழக்காடும் செலவு கிடைக்கும் தொகையைத் தின்றுவிடும் என்றும் சட்டத்தரணி சொன்னார். அத்துடன் விட்டுவிட்டேன்.

ஆறு மாதங்களின் பின்னர் அந்தப் புடைவைக் கடைக்காரரே எனக்கு எழுதினார். டேக் மனேஜரில் ஒவ்வொரு பதிப்பையும் யார் வெளியிட்டார் என்பது மின்னஞ்சல் முகவரியோடு பதிவாகியிருக்கும்; அதிலிருந்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறார். தளத்தை அனலிட்டிக்ஸ் 4க்கு மாற்றும் வேலைக்கான முழுப் பணத்தையும் மே மாதமே அந்த நிறுவனத்துக்குக் கட்டிவிட்டதாகச் சொன்னார்.

இந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எண்களோடு பொறுமையாக இருக்கத் தெரிந்தவருக்கு, யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய மதிப்பான தொழில் இது. ஆனால் அறிக்கை எழுதுபவரும் அந்த அறிக்கையால் புகழ்பெறுபவரும் ஒருவராக இருக்கும் இடத்தில், சரியாக எண்ணுபவர் வேண்டாதவராகிவிடுவார் என்பதை நான் காசு கொடுத்துப் படித்தேன். இப்போது அணுகலைத் தள உரிமையாளரே தன் கணக்கிலிருந்து நேரடியாகத் தந்தால்தான் தொடங்குகிறேன். அரைவாசிப் பணம் முன்னதாக வரவேண்டும். கையளிப்பதற்கு முன்னர் டேக் மனேஜர் அமைப்பை ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்கிறேன், திருத்தம் எதனையும் உரிமையாளருக்கும் பிரதியிட்டே எழுதுகிறேன்.

தம்பிக்கு வந்த அழைப்பில் இன்னொன்றும் இருந்தது: வேலையில் சேருமுன் அவர்களுடைய பயிற்சி வகுப்புக்கு 85,000 ரூபா கட்டவேண்டுமாம், முடிவில் கூகுள் சான்றிதழ் கிடைக்குமாம். அந்தச் சான்றிதழுக்கான பாடமும் பரீட்சையும் கூகுளின் ஸ்கில்ஷொப் தளத்தில் இலவசம். ஒரு வருடத்துக்குத்தான் செல்லுபடியாகும். வகுப்பின் விளம்பரத்தில் "எமது ஆலோசகர்கள்" என்ற தலைப்பின் கீழ் மூன்று படங்கள் இருக்கின்றன. இரண்டாவது படம் என்னுடையது. அந்த நிறுவனத்துக்கும் எனக்கும் 2023 யூன் 30க்குப் பின்னர் எந்த வேலைத் தொடர்பும் இல்லை.